கொலம்பஸில் குடும்பத்தோடு குடியேற எந்தப் பக்கம் வீடு பார்ப்பது? முழுமையான வழிகாட்டி

நியூஜெர்சியிலிருந்து ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸுக்கு மாற்றல் வந்தபோது, எங்களுக்கு முதலில் பிடித்த வீட்டின் முகவரி 'வெஸ்டர்வில்' என்று முடிந்தது. வெஸ்டர்வில் பள்ளிகளைப் பற்றி நண்பர்கள் நல்லபடியாகச் சொல்லியிருந்தார்கள். வாடகையும் கைக்கு அடக்கம். முன்பணம் அனுப்புவதற்கு முந்தைய இரவு என் மனைவி சும்மா இருக்காமல் அந்த முகவரியை, சொத்து விவரங்களை வைத்திருக்கும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆடிட்டரின் இணையதளத்தில் தட்டிப் பார்த்தாள். தபாலுக்கு வெஸ்டர்வில். வருமான வரிக்குக் கொலம்பஸ் மாநகரம். பள்ளிக்கும் கொலம்பஸ் மாநகரப் பள்ளி மாவட்டம், அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு. வெஸ்டர்வில் என்பது தபால்காரருக்கு மட்டும்தான்.

இந்த ஊரில் வீடு தேடுகிறவர்கள் பலரும் இப்படி ஒரு முறையாவது தடுக்கி விழுகிறார்கள். அதனால் 'எந்த ஏரியா நல்ல ஏரியா?' என்று கேட்பதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கொலம்பஸில் ஊர்ப் பெயரைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கக் கூடாது, கோடுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோடுகள் ஐந்து: தபால் முகவரி, நகராட்சி அல்லது டவுன்ஷிப் (நகராட்சிக்குள் வராத பகுதியின் உள்ளாட்சி), பள்ளி மாவட்டம், கவுண்டி, அப்புறம் அந்த மாவட்டத்துக்குள் உங்கள் தெரு எந்தப் பள்ளிக்கு என்கிற கோடு. இவை ஒன்றோடொன்று பொருந்தினால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

ஏன் இப்படிச் சிக்கலாக இருக்கிறது?

1950களிலும் 60களிலும் மேயராக இருந்த ஜாக் சென்சன்பிரென்னர் ஒரு கொள்கை வைத்திருந்தார். மாநகரத்தின் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வேண்டுமென்றால் மாநகரத்தோடு இணைய வேண்டும். இப்படி நிலம் சேர்த்துச் சேர்த்து கொலம்பஸ் பரந்துகொண்டே போனது. நிலம் மாநகரத்துக்கு வந்தாலும் பள்ளி எல்லை கூடவே வரவில்லை. பல இடங்கள் பழைய புறநகர்ப் பள்ளி மாவட்டத்திலேயே தங்கிவிட்டன. 1977-ல் நீதிபதி ராபர்ட் டங்கன், மாநகரப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் பிரித்து வைக்கப்பட்டிருப்பதாகத் தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் 1979-ல் அதை உறுதி செய்தது. பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்கப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதற்குப் பின் பள்ளி எல்லை என்பது இங்கே வெறும் வரைபடக் கோடாக இல்லை. நிறமும் பணமும் வீட்டு விலையும் கலந்த அரசியலாகிவிட்டது. கடைசியில் 1986-ல் மாநகரப் பள்ளி மாவட்டமும் சுற்றியுள்ள மாவட்டங்களும் 'வின்-வின்' என்ற உடன்பாட்டுக்கு வந்து, பெரும்பாலும் இருந்ததை இருந்தபடியே விட்டன.

அதனால்தான் இன்று கொலம்பஸ் மாநகரத்துக்கு வரி கட்டிக்கொண்டு டப்ளின், ஹில்லியர்ட், வொர்திங்டன், ஒலென்டாங்கி ஆகிய புறநகர் மாவட்டங்களின் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இது தெரிந்துவிட்டால் உங்களுக்கு லாபம்தான். டப்ளின் நகருக்குள் வீடு கிடைக்காவிட்டால், எல்லைக்கு இந்தப் பக்கம் கொலம்பஸ் மாநகரத்துக்குள்ளேயே டப்ளின் பள்ளி மாவட்டத்தில் இருக்கும் அப்பார்ட்மென்டைப் பார்க்கலாம்.

முதல் படி: அலுவலகம் எங்கே, யார் வண்டி ஓட்டுவார்?

ஊரைச் சுற்றி ஐ-270 வட்டச்சாலை. வடக்கு தெற்காக ஐ-71, கிழக்கு மேற்காக ஐ-70, வடமேற்கிலிருந்து நகர மையத்துக்கு இறங்கும் 315. இந்த நான்கையும் தாளில் போட்டு அலுவலகத்தைக் குறியுங்கள். சேஸ் வங்கியின் பெரிய வளாகம் வடக்கே பொலாரிஸில் இருக்கிறது. நேஷன்வைடு காப்பீட்டு நிறுவனமும் ஹன்டிங்டன் வங்கியும் நகர மையத்தில். கார்டினல் ஹெல்த் டப்ளினில். ஹோண்டா தொழிற்சாலை வடமேற்கே மேரிஸ்வில் பக்கம். கூகுள், மெட்டா, அமேசானின் தரவு மையங்கள் வடகிழக்கே நியூ ஆல்பனியில்.

மேரிஸ்வில் போகிறவருக்கு டப்ளின் சரி, ஏனென்றால் 33-ஆம் எண் சாலை நேராகக் கொண்டுபோய்விடும். அதே ஆள் நியூ ஆல்பனியில் வீடு வாங்கினால் வாழ்நாளில் ஒரு பகுதி 270-லேயே கழியும். பொலாரிஸ் வேலைக்கு லூயிஸ் சென்டர், பவல், வெஸ்டர்வில், வடக்கு வொர்திங்டன் எல்லாமே பக்கம். லூயிஸ் சென்டரில் மட்டும் ஒரு எச்சரிக்கை: அங்கிருந்து தெற்கே இறங்கும் 23-ஆம் எண் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டியிருக்கும். வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்க்காமல், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள்.

'ரயில் இருக்கிறதா?' என்று சென்னையிலிருந்து வரும் அப்பா கேட்பார். இல்லை. கொலம்பஸுக்குக் கடைசிப் பயணிகள் ரயில் வந்தது 1979-ல். கோட்டா என்ற பேருந்து நிறுவனம் ஓடுகிறது. நகர மையம், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம், ஹை ஸ்ட்ரீட் ஆகியவற்றையொட்டி இருந்தால் உதவும். விரைவுப் பேருந்துத் தடங்களுக்காக 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து விற்பனை வரியை உயர்த்தினார்கள். ஆனால் புறநகரில் குடும்பம் நடத்த இன்றைக்கு இரண்டு கார் வேண்டும். ஹெச்-4 விசாவில் வரும் துணைவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்கும் வரை, கடைக்கும் நூலகத்துக்கும் நடந்து போகும் தூரத்தில் இருப்பது அவருடைய மனநிலையையே மாற்றும். நாங்கள் இதை அலட்சியம் செய்துவிட்டு முதல் குளிர்காலத்தில் நன்றாக அனுபவித்தோம்.

இன்டெல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நியூ ஆல்பனிக்கு அடுத்த லிக்கிங் கவுண்டியில் சிப் ஆலை கட்டப்போவதாக 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். 2025-ல், முதல் ஆலை முடிய 2030 அல்லது 31 ஆகும் என்று தள்ளிவைத்தார்கள். வரப்போகும் வேலையை நம்பி இன்றைக்கு வீடு வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: முகவரியைத் தட்டுங்கள்

பிடித்த வீட்டின் முகவரியை அந்தக் கவுண்டியின் ஆடிட்டர் தளத்தில் போடுங்கள். ஃபிராங்க்ளின், டெலவேர், யூனியன் என்று மூன்று கவுண்டிகளுக்கும் தனித்தனித் தளம். டப்ளின் நகரம் இந்த மூன்றிலும் பரவிக்கிடக்கிறது. சொத்தின் பக்கத்தில் வரி மாவட்டம், பள்ளி மாவட்டம், மதிப்பு, போன வருட வரி எல்லாம் இருக்கும். காசு கட்ட வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம். வீடு விற்கும் தளங்கள் காட்டும் பள்ளிப் பெயரை நம்பாதீர்கள், அது பல நேரம் தோராயம். ஆடிட்டர் தளத்தில் மாவட்டத்தை உறுதிசெய்துவிட்டு, பள்ளி மாவட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, 'இந்தக் கதவு எண்ணுக்கு எந்தத் தொடக்கப் பள்ளி, எந்த நடுநிலைப் பள்ளி, எந்த உயர்நிலைப் பள்ளி?' என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஹில்லியர்ட் 43026, பவல் 43065, வெஸ்டர்வில் 43081 ஆகிய ஜிப் கோடுகளில் மிகவும் கவனம் தேவை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட நகராட்சிகளும் பள்ளி மாவட்டங்களும் கலந்து கிடக்கின்றன.

மூன்றாம் படி: பள்ளியை எடைபோடுவது

மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு ஆண்டும் பள்ளி மாவட்டங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை கொடுத்து அறிக்கை வெளியிடுகிறது. நம்மவர்கள் அதையும் பத்துக்கு எத்தனை என்று போடும் தளங்களையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அந்த எண்ணில் பெரும்பகுதி, அங்கே குடியிருக்கும் பெற்றோரின் வருமானத்தைத்தான் சொல்கிறது. அறிக்கைக்குள் 'முன்னேற்றம்' என்று தனிப் பகுதி இருக்கிறது. பிள்ளைகள் போன வருடம் இருந்த இடத்திலிருந்து எவ்வளவு மேலே போனார்கள் என்பது அதில் தெரியும். என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

மாவட்டங்களைச் சுருக்கமாகச் சொன்னால், ஒலென்டாங்கி டெலவேர் கவுண்டியின் தெற்கில் இருக்கிறது. வேகமாக வளர்கிறது, புதுப் பள்ளிகள் திறந்துகொண்டே இருக்கின்றன. நான்காவது உயர்நிலைப் பள்ளியான பெர்லின் 2018-ல் வந்தது. வளர்கிற மாவட்டத்தில் ஒரு தலைவலி உண்டு: புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லையைத் திருத்துவார்கள். வீட்டை மாற்றாமலேயே உங்கள் பிள்ளையின் பள்ளி மாறலாம். 'இந்தப் பள்ளிதான் வேண்டும்' என்று எல்லைக்கோட்டின் ஓரத்தில் வீடு வாங்குவது சூதாட்டம். டப்ளினில் காஃப்மன், சியோடோ, ஜெரோம் என்று மூன்று உயர்நிலைப் பள்ளிகள். இந்தியக் குடும்பங்கள் அதிகம், வீட்டு விலையும் அப்படியே. ஹில்லியர்டில் டார்பி, டேவிட்சன், பிராட்லி. விலை கொஞ்சம் இறங்கியிருக்கும், அங்கே படித்துக் குறைந்துபோன பிள்ளை யாரையும் நான் பார்த்ததில்லை. வொர்திங்டனும் அப்பர் ஆர்லிங்டனும் பழைய ஊர்கள், நிதானமான மாவட்டங்கள்.

கொலம்பஸ் மாநகரப் பள்ளிகளை நம் வாட்ஸ்அப் குழுக்கள் ஒரே வரியில் ஒதுக்கிவிடுகின்றன. அது நியாயமில்லை. அந்த மாவட்டத்தில் குலுக்கல் முறையில் சேரக்கூடிய தனிப் பள்ளிகள் இருக்கின்றன. கொலம்பஸ் ஆல்டர்நேட்டிவ் உயர்நிலைப் பள்ளிக்கு நல்ல பெயர். கிளின்டன்வில் போன்ற மரநிழல் தெருக்களில் வாழ்ந்துகொண்டு அந்தப் பாதையில் போகும் குடும்பங்களும் உண்டு. ஆனால் குலுக்கல் குலுக்கல்தான். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று முன்பே யோசித்திருக்க வேண்டும்.

பள்ளிப் பேருந்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரை, பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் மாநிலச் சட்டப்படி பேருந்து கட்டாயம். அதற்குள் இருந்தாலோ உயர்நிலைப் பள்ளி என்றாலோ அது அந்தந்த மாவட்டத்தின் விருப்பம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

நான்காம் படி: வரிக் கணக்கு

வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்களை ஆச்சரியப்பட வைப்பது நகர வருமான வரி. கொலம்பஸ், வொர்திங்டன், அப்பர் ஆர்லிங்டன், ஹில்லியர்ட் இங்கெல்லாம் 2.5 சதவீதம். டப்ளின், வெஸ்டர்வில், நியூ ஆல்பனி, பவல் 2 சதவீதம். டவுன்ஷிப்களுக்கு நகர வருமான வரி கிடையாது. லூயிஸ் சென்டர் என்று நாம் சொல்லும் இடத்தின் பெரும்பகுதி ஆரஞ்சு டவுன்ஷிப்.

'அப்படியானால் டவுன்ஷிப்பில் இருந்தால் மிச்சம்தானே?' என்று கேட்பீர்கள். வேலை எங்கே என்பதைப் பொறுத்தது. இந்த வரி முதலில் நீங்கள் வேலை செய்யும் ஊருக்குப் போகிறது. ஆரஞ்சு டவுன்ஷிப்பில் குடியிருந்து கொலம்பஸ் அலுவலகத்துக்குத் தினமும் போகிறவர் கொலம்பஸுக்கு 2.5 சதவீதம் கட்டியே ஆக வேண்டும். மிச்சம் எதுவும் இல்லை. அதே நபர் முழு நேரமும் வீட்டிலிருந்தே வேலை செய்தால் கட்ட வேண்டியதில்லை. 1,20,000 டாலர் சம்பளத்துக்கு வருடத்துக்கு 3,000 டாலர் வித்தியாசம். மாறாக, கொலம்பஸ் மாநகரத்துக்குள் குடியிருந்து டப்ளினில் வேலை பார்ப்பவர் டப்ளினுக்கு 2 சதவீதமும் மீதி அரை சதவீதத்தைக் கொலம்பஸுக்கும் கட்டுவார். இதற்கெல்லாம் மேலே சில பள்ளி மாவட்டங்கள் தனியாக வருமான வரி வாங்குகின்றன. பெக்ஸ்லி, பிக் வால்நட், பக்கை வேலி அந்த வகை. அது குடியிருக்கும் இடத்தைப் பார்த்து வருவதால் எங்கே வேலை செய்தாலும் தப்பிக்க முடியாது.

வாங்குகிறவர்கள் சொத்து வரியையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒஹாயோவில் சந்தை மதிப்பில் 35 சதவீதத்துக்குத்தான் வரி. 5,00,000 டாலர் வீடு என்றால் 1,75,000-க்கு. வரியை 'மில்' கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்றால் ஆயிரத்துக்கு ஒரு டாலர், அதாவது இந்த வீட்டுக்கு ஆண்டுக்கு 175 டாலர். பள்ளிக்காக இன்னும் இத்தனை மில் வேண்டும் என்று தேர்தலில் கேட்கும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும். அடிக்கடி கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 1976-ல் வந்த ஒரு சட்டப்படி, வீட்டு மதிப்பு ஏறினாலும் ஏற்கெனவே வாக்களித்த வரியிலிருந்து பள்ளிக்கு வரும் தொகை அதே வேகத்தில் ஏறாது. அதனால் பள்ளிகள் சில வருடங்களுக்கு ஒரு முறை மக்களிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

புது வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. வரி ஒரு வருடம் பின்தங்கி வருவதால், முதல் பில் பெரும்பாலும் வெறும் மனைக்குத்தான் வரும். வங்கி அதை வைத்து மாதத் தவணையைக் கணக்குப் போட்டிருக்கும். அடுத்த வருடம் கட்டடமும் சேர்ந்து பில் வந்ததும் தவணை சில நூறு டாலர் குதிக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதனால் விடுமுறைக்கு இந்தியா போவதையே ஒரு வருடம் தள்ளிப்போட்டார். ஜெரோம் வில்லேஜ் போன்ற புதுக் குடியிருப்புகளில் 'கம்யூனிட்டி அதாரிட்டி' கட்டணம் என்று தனியாக ஒன்று உண்டு, அதையும் விசாரியுங்கள்.

ஐந்தாம் படி: நம் குடும்பத்துக்கு ஏற்ற இடம்

தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வடமேற்கிலும் வடக்கிலும் இருக்கின்றன. இந்திய மளிகைக் கடைகள் சாமில் சாலை, பெத்தெல் சாலைப் பக்கம். பாரதிய இந்துக் கோயில் பவலில். பொங்கல், தீபாவளி என்றால் மத்திய ஒஹாயோ தமிழ்ச் சங்கம் இருக்கிறது. முதல் வருடத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது சௌகரியம். அதற்காகத் தோசை மாவு கிடைக்கும் தூரத்தை வைத்தே முப்பது வருடக் கடன் வாங்க வேண்டாம். 270-ல் ஏறினால் எந்தப் பக்கத்திலிருந்தும் அரை மணி நேரத்துக்குள் கடைக்குப் போய்விடலாம்.

ஊரிலிருந்து பெற்றோர் ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்றால் நடைபாதையைப் பாருங்கள். டவுன்ஷிப்களில் அழகான வீடுகளுக்கு முன்னால் நடைபாதையே இல்லாத சாலைகள் உண்டு. பெரியவர்கள் வாசலைத் தாண்ட முடியாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார்கள். பழைய வொர்திங்டன், டப்ளினின் உட்பகுதிக் குடியிருப்புகள், வெஸ்டர்வில்லின் பழைய நகர்ப் பகுதி போன்ற இடங்களில் நடந்தே நூலகத்துக்கும் பூங்காவுக்கும் போகலாம். நூலகத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொலம்பஸ் மெட்ரோபாலிட்டன் நூலகத்தின் டப்ளின், ஹில்லியர்ட் கிளைகள் புதிதாகக் கட்டியவை, பெரியவை, குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு அதுதான் மைதானம்.

ஆறாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

ரியல்டரிடம் (வீடு வாங்க, விற்க உதவும் முகவர்) 'இந்த ஏரியா பாதுகாப்பா? இங்கே இந்தியர்கள் இருக்கிறார்களா?' என்று கேட்டால் நழுவுவார். மரியாதைக் குறைவு அல்ல. 1968-ன் வீட்டுரிமைச் சட்டப்படி இனம், மதம், பூர்வீகம் பார்த்து ஆட்களை ஒரு பக்கம் தள்ளிவிடக் கூடாது. அந்தக் கேள்விகளுக்கு விடை நீங்களே தேட வேண்டும். காவல் துறையின் பொது வரைபடத்தைப் பாருங்கள். தெருவில் நாயோடு நடப்பவரை நிறுத்திப் பேசுங்கள், மத்திய மேற்கில் நின்று பேசுவார்கள். இன்னொன்று: 2024 ஆகஸ்டிலிருந்து, வாங்குகிறவரின் முகவர் வீடு காட்டுவதற்கு முன்பே எழுத்து ஒப்பந்தம் கேட்பார். அதில் கமிஷன் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரே தெருவுக்கு மூன்று முறை போங்கள்: வேலை நாள் காலை, பள்ளி விடும் நேரம், சனிக்கிழமை இரவு. பவலின் நடு நாற்சந்திக்குப் பக்கத்திலேயே சரக்கு ரயில் பாதை போகிறது. பகலில் பார்த்தால் அழகு, ராத்திரி இரண்டு மணிக்கு ஹாரன். கஹானா பக்கம் என்றால் ஜான் கிளென் விமான நிலையத்தின் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் லேன் அவென்யூ பக்கம் வண்டியை எடுக்கவே கூடாது.

ஏழாம் படி: முதலில் வாடகை, பிறகு சொந்தம்

விரும்பும் பள்ளி மாவட்டத்துக்குள்ளேயே ஒரு வருட லீஸுக்கு அப்பார்ட்மென்ட் எடுங்கள். பிள்ளைக்குப் பள்ளி மாவட்டம் மாறாது, உங்களுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஊரைப் பார்க்க நேரம் கிடைக்கும். லீஸ் மே, ஜூனில் முடிகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். மாதம் வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் கேட்பது இங்கே சகஜம். கிரெடிட் வரலாறு இல்லாதவர்கள் வேலை நியமனக் கடிதத்தோடு போக வேண்டும், கூடுதல் முன்பணமும் கேட்கலாம். பள்ளியில் சேர்க்க லீஸ் நகல், மின் கட்டண ரசீது, தடுப்பூசிப் பதிவு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தயாராக இருக்கட்டும்.

வாங்கும்போது பேஸ்மென்டில் (தரைக்குக் கீழே உள்ள தளம்) நிறைய நேரம் செலவிடுங்கள். சுவரில் நீர்க்கோடு, புதுப் பெயின்டுக்கு அடியில் பூஞ்சை வாடை, அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் ஓடுகிறதா, மின்சாரம் போனால் ஓட பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். ரேடான் சோதனை கட்டாயம் செய்யுங்கள். மண்ணிலிருந்து வரும் வாசனையற்ற கதிரியக்க வாயு அது. நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். ஃபிராங்க்ளின், டெலவேர், யூனியன் மூன்றுமே அதிக ஆபத்து மண்டலத்தில் இருக்கின்றன. லிட்டருக்கு 4 பிகோகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் வந்தால் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்றலாம். அந்தச் செலவை விற்பவரிடம் கேட்டு வாங்கலாம், கிரயம் முடிவதற்குள் கேட்கத்தான் வாய் வர வேண்டும். 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால், சின்னக் குழந்தை இருக்கும் பட்சத்தில் ஈயப் பெயின்டையும் சோதியுங்கள்.

குடிவந்த முதல் புதன்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஊர் முழுக்கச் சங்கு ஊதும். எங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கே ஓடிவந்துவிட்டார். பயப்பட வேண்டாம், ஃபிராங்க்ளின் கவுண்டி வாராவாரம் செய்யும் சூறாவளிச் சங்குச் சோதனை அது. வேறு கிழமையிலோ வேறு நேரத்திலோ ஊதினால் தெருவுக்கு ஓடாமல் பேஸ்மென்டுக்கு இறங்குங்கள்.